மூணாவது கம்பி

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கோமுகி அணை பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், ஊருக்குத் தண்ணி வந்த கதைய எழுதிட்டீங்க. கரண்ட் வந்த கதையையும் எழுதுங்க. அப்படியே எங்க வீட்டு கிரைண்டரத் தொட்டா சுள்ளுனு இழுக்குதே, அது ஏன்னும் சொல்லுங்க" என்றான். இரண்டு கேள்வி கேட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் பட்டது. நம் வீட்டுச் சுவரில் ஓடும் கம்பிகள் எந்தக் காலத்தில், எதற்காகப் போடப்பட்டவை என்று தெரிந்தால் கிரைண்டர் ஏன் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நம் நாட்டுக்கு மின்சாரம் வந்தபோது அது வீட்டுக்காக வரவில்லை. 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. 1897-இல் டார்ஜிலிங் பக்கத்தில் சித்ராபோங் என்ற இடத்தில் சின்னதாக ஒரு நீர்மின் நிலையம். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் நூற்று நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் கம்பியில் ஓடி கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனது. டிராம், மலைநகரம், தங்கம். கிராமம் அந்தப் பட்டியலில் எங்கேயும் கிடையாது.

சென்னை மாகாணத்தில் அரசு மின்சாரத் துறை தொடங்கியது 1927-இல். நீலகிரியில் பைக்காரா ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு அப்போது அரசில் பொறுப்பில் இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் பெரிய ஆதரவாக நின்றார். பைக்காரா 1932-இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. கோயம்புத்தூர் ஆலைகள் வளர்ந்ததற்கு பைக்காரா ஒரு பெரிய காரணம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் தென்னாற்காடு மாவட்டத்தின் மேற்கு மூலையில், கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அதெல்லாம் வெகுதூரத்துச் செய்தி. மலை மேலே இன்னும் மோசம். அங்கே 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் ஆட்சி. கீழே ஊர் ஊராகக் கம்பம் நட்ட பிறகுதான் மலைக்குக் கம்பி ஏறியது.

கிராமத்துக்குக் கம்பம் வந்தது 1957-க்குப் பிறகு வேகம் பிடித்தது. அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் முதலமைச்சர், தொழிலும் மின்சாரமும் ஆர். வெங்கட்ராமன் கையில். 1962-இல் எங்கள் பழைய மாவட்டத்திலேயே நெய்வேலி அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கம்பம் ஊருக்குள் வந்ததற்கு முக்கியக் காரணம் கிணறு. கவலை ஏற்றம் இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் போட வேண்டும், அதுதான் திட்டம். பம்புசெட்டு எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னால் நின்ற காலம் அது. மோட்டாருக்கு வந்த கம்பியிலிருந்து இரண்டு கம்பியை இழுத்து வீட்டுக்கு லைட் கொடுத்தார்கள்.

இரண்டு கம்பி. இந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெருக் கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு கம்பி போகும். 1891-இல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு 175 கிலோமீட்டர் மூன்று பேஸ் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதன்பிறகு உலகமே அந்த முறைக்குத்தான் போனது. மோட்டாருக்கு மூன்று பேஸும் வேண்டும். வீட்டுக்கு ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும் போதும். பேஸ் வழியாகக் கரண்ட் வரும், பல்பு வழியாகப் போகும், நியூட்ரல் வழியாகத் திரும்பும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அன்று 240 வோல்ட், 1988-க்குப் பிறகு தரக்கணக்கில் 230. ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே அன்று 415, இன்று 400.

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் வீட்டில் இருந்தது நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று. தேக்குக் கட்டையைச் சுவரில் அடித்து, அதன்மேல் வயரை வைத்துத் தகரக் கிளிப்பை மடக்கிவிட்டிருப்பார்கள். மரப்பெட்டி மேல் கறுப்பாக உருண்டை சுவிட்ச். பீங்கான் பியூஸ் கட்டை. யோசித்துப் பாருங்கள், இதில் கைபடும் இடத்தில் எங்கேயாவது இரும்பு இருக்கிறதா? மரம், பீங்கான், பேக்கலைட், கண்ணாடி. அந்த வீட்டுக்கு மூணாவது கம்பி தேவைப்படவில்லை. போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டத்தில் மூணாவது கம்பி இல்லாமல் இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 33-ஆவது விதி, மின்சாரம் கொடுப்பவர் நுகர்வோர் வீட்டில் இணைப்பு தொடங்கும் இடத்தருகே ஒரு எர்த் முனை வைத்துத்தர வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் எழுத்தில் இருந்தது எல்லாச் சுவருக்கும் வந்து சேரவில்லை. ஒரு பல்புக்கு எதற்கு எர்த் என்று வீட்டுக்காரரும் விட்டார், வேலை செய்தவரும் விட்டார்.

பிறகு வீட்டுக்குள் இரும்பு வரத் தொடங்கியது. இஸ்திரிப் பெட்டி வந்தது. டேபிள் ஃபேன் வந்தது. 1950-களில் கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர் மெல்ல மெல்ல எங்கள் பக்கமும் வந்தது. முதலில் மில்லில் மாவு ஆட்டிக் கொடுத்தார்கள், அப்புறம் வசதியான வீடுகளில் சொந்தமாக. பிறகு பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், போர் மோட்டார். 2006-இல் அரசு கலர் டி.வி. கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. உரலில் உட்கார்ந்து ஆட்டி இடுப்பொடிந்த பெண்களுக்கு அந்தக் கிரைண்டர் எவ்வளவு பெரிய விடுதலை என்று எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பல்புக்காக இரண்டு கம்பி இழுத்த வீட்டுக்குள், மூன்று கால் பிளக்கோடு ஒரு தண்ணீர்ச் சாமான் வந்து இறங்கியது. மூணாவது காலுக்கு ஓட்டை இருந்தது, ஓட்டைக்குப் பின்னால் கம்பி இல்லை. சில வீடுகளில் ஓட்டையும் இல்லை. அந்தக் காலை வெட்டிவிட்டுச் சொருகியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த மூணாவது கால் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடியாகவும் இருக்கும். அழகுக்காக அல்ல. சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். 1934-இல் வந்த பிரிட்டிஷ் தரத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட அமைப்பு அது.

இப்போது கிரைண்டருக்கு வருவோம். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி மேல் மெல்லிய பூச்சு இருக்கும். மாவுத் தண்ணீர் உள்ளே இறங்கி, சூடேறி, வருஷக்கணக்கில் அந்தப் பூச்சு கெடும். கெட்ட இடத்திலிருந்து கொஞ்சம் கரண்ட் இரும்பு உடம்புக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் அது உடம்பிலேயே நின்றுகொண்டு, யாராவது தொடுகிறார்களா என்று காத்திருக்கும். ஈர சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்கும் அம்மாதான் அந்த வழி.

நம் வீட்டுப் பெண்கள் இதற்கு மணைப்பலகை மேல் நின்று ஆட்டுவது, செருப்புப் போட்டுக்கொள்வது, "பிளக்கத் திருப்பிச் சொருகுடா" என்பது என்று சில வைத்தியம் வைத்திருந்தார்கள். பிளக்கைத் திருப்பினால் சில சமயம் உண்மையிலேயே இழுப்பது குறையும். மந்திரம் இல்லை. கசியும் இடம் சுற்றின் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த முனை பேஸில் இருக்கும்போது நிறைய வோல்ட், நியூட்ரலில் இருக்கும்போது கொஞ்சம் வோல்ட். நோய் அப்படியே இருக்கிறது, வலி மட்டும் குறைகிறது. அடுத்த தடவை கரண்ட் போய்ப் பிளக்கைக் கழற்றி மாட்டும்போது மறுபடி வரும்.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும் என்று கலிஃபோர்னியாவில் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் பல வருஷம் ஆராய்ந்தார். தொட்ட பொருளை ஒருவரால் கையை விரித்து விட முடிகிற அளவு சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர் அளவில்தான், பெண்களுக்கு அதிலும் குறைவு. அதற்கு மேல் போனால் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். "கரண்ட் புடிச்சிடுச்சு" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். நாற்பது வாட் பல்பு எடுப்பது சுமார் 170 மில்லி ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கு போதும் மனிதனைப் பிடித்துவைக்க.

"பியூஸ் இருக்கே சார், போயிடாதா?" என்று கேட்பார்கள். பியூஸ் வயரைக் காப்பதற்கு, ஆளைக் காப்பதற்கு அல்ல. ஐந்து ஆம்பியர் பியூஸ் என்றால் ஐயாயிரம் மில்லி ஆம்பியர். போதாததற்கு நாம் பியூஸ் போனால் வயரிலிருந்து நாலு இழை உருவி முறுக்கி மாட்டுகிற ஆட்கள்.

எர்த் அடித்துவிட்டால் மட்டும் தீர்ந்ததா என்றால், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் அடிவாரத்து மண் பல இடத்தில் பாறையும் சரளையும். நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் நேராக இரும்பு உடம்பில் பட்டாலும் 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர்தான் ஓடும். பதினைந்து ஆம்பியர் பியூஸ் அசையாமல் இருக்கும். கிரைண்டர் உடம்பு வோல்ட்டோடு அப்படியே நிற்கும். அதனால்தான் உப்பும் கரியும் போட்டுக் குழி எடுப்பதும், சித்திரையில் அதற்கு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வதும். அதற்கு மேலேயும் ஒன்று வேண்டியிருக்கிறது. போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருந்து, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும் கருவி அது. ஆர்.சி.சி.பி. அல்லது ஆர்.சி.டி. என்று கடையில் கேட்டால் தருவார்கள். இதன் அமெரிக்க வடிவத்தை 1961-இல் உருவாக்கியவரும் அதே டால்சியல்தான்.

1956 விதிகளில் பின்னால் 61-ஏ என்று ஒன்றைச் சேர்த்து இந்த வகைக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறிய இணைப்புகளுக்கு விலக்கு. அதாவது எர்த் இல்லாத ஒற்றை அறை வீட்டுக்குத்தான் விலக்கு. இதை நான் எப்போது நினைத்தாலும் எரிச்சல் வரும். இப்போது நம் மாநிலத்தில் வீடுகளுக்குப் புது இணைப்பு வாங்கும்போது ஆர்.சி.டி. வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பழைய வீடுகள் பழையபடியே கிடக்கின்றன.

இதுவரை எர்த் கதை. இனி நியூட்ரல். எதிர்பாராத இடத்தில் வோல்ட் தெரிந்தால் பாதிக்குப் பாதி நியூட்ரல்தான் குற்றவாளி என்று எங்கள் தெரு வயர்மேன் தம்பி சொல்வார். அவர் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர், என் பாடப்புத்தகத்தைவிட அவர் கை சொல்வதை நம்பலாம்.

டெஸ்டரைப் பிளக்கின் ஒரு ஓட்டையில் வைத்தால் எரியும், இன்னொன்றில் எரியாது. அதுதான் சரி. நியூட்ரலை டிரான்ஸ்பார்மரிலேயே மண்ணோடு சேர்த்திருப்பதால் அது மண்ணின் நிலையில் இருக்கும். ஆரம்ப காலத்தில் இப்படிச் சேர்ப்பதா வேண்டாமா என்றே பெரிய சர்ச்சை நடந்தது. டிரான்ஸ்பார்மருக்குள் பழுதாகி மேல்பக்கத்து ஆயிரக்கணக்கான வோல்ட் வீட்டுக் கம்பிக்கு இறங்கிவிட்டால் தப்பிக்க வழி வேண்டுமே என்பதற்காகத்தான் சேர்க்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1913-இல் 150 வோல்ட் வரைக்கும் அது கட்டாயமானது.

சரி, இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் லைட் எரியவில்லை. இது என்ன? "ரெண்டுலயும் கரண்ட் வருது, டபுள் கரண்ட்" என்று பயப்படுவார்கள். இரண்டு கரண்ட் எதுவும் இல்லை. எங்கேயோ நியூட்ரல் அறுந்துவிட்டது. சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு ஃபேனோ பல்போ வழியாகப் பேஸ் அந்தப் பக்கம் போய், திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் கம்பியில் நிற்கிறது. எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த இரண்டாவது வெளிச்சம் போய்விடும்.

இன்னொன்று, மீட்டர் காட்டும் பேய் வோல்ட். இப்போது எல்லா வீட்டிலும் படிக்கும் பிள்ளை ஒரு டிஜிட்டல் மீட்டர் வைத்திருக்கிறது. எங்கும் சேராமல் சும்மா கிடக்கும் வயரில் வைத்தால் அறுபது, எண்பது என்று காட்டும். பக்கத்தில் ஓடும் பேஸ் வயரின் பாதிப்பு அது. மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிக மிகக் குறைவு என்பதால் அந்த அற்ப வோல்ட்கூடத் தெரிகிறது. ஒரு குண்டு பல்பைச் சேர்த்தால் சுழியமாகிவிடும். சுவிட்ச் அணைத்த பிறகும் எல்.இ.டி. மினுக்கு மினுக்கென்று எரிவதும் பல நேரம் இந்த வகைதான், அல்லது சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். முதலாவதில் ஆபத்தில்லை. இரண்டாவதில் உண்டு, அணைத்துவிட்டோம் என்று நினைத்து ஹோல்டரில் கை வைத்தால் பேஸ் அங்கேயே இருக்கும்.

பேய் வோல்ட் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் பாகம் பிரித்த வீடு ஒன்று. அண்ணன் முன்பாகம், தம்பி பின்பாகம். நடுவில் சுவர் எழுப்பி, தனித்தனி மீட்டர் வைத்து, பேச்சுவார்த்தையும் நின்று சில வருஷம். தண்ணீர்க் குழாய் மட்டும் அப்பா காலத்து இரும்புக் குழாய், இரண்டு பக்கத்துக்கும் பொது. கார்த்திகை மழையில் தம்பி வீட்டுக் குளியலறைக் குழாயைத் தொட்டால் இழுக்கிறது. சின்னக் குழந்தை ஒரு நாள் தொட்டுவிட்டு அலறியது. வயர்மேன் தம்பியோடு நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

அவர் முதலில் செய்தது தம்பி வீட்டு மெயினை இறக்கியது. வீடே இருட்டு. குழாயில் வோல்ட் அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் குழாய்க்கும் நடுவே மீட்டரோடு ஒரு பல்பையும் சேர்த்துப் பார்த்தார். பேய் வோல்ட் என்றால் விழுந்திருக்க வேண்டும். ஐம்பதைச் சுற்றி நின்றது. சில நிமிஷத்தில் எண்பதுக்கு ஏறியது. "அந்தப் பக்கம் யாரோ இஸ்திரி போடறாங்க சார்" என்றார். தம்பி முகம் மாறிவிட்டது. அண்ணன் வேண்டுமென்றே செய்துவிட்டார் என்றே அவர் நினைத்துக்கொண்டார். சொந்தத்தில் வந்த கசப்பு எதையும் நம்ப வைக்கும்.

முன்பக்கம் போய்ப் பார்த்ததில் விஷயம் வேறு. கம்பத்தில் அண்ணன் வீட்டு நியூட்ரல் முறுக்கு, அலுமினியத்தோடு செம்பைச் சேர்த்தது, வருஷக்கணக்கில் மழையில் அரித்துத் தூளாகியிருந்தது. அண்ணன் வீடு இருட்டாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் எந்தக் காலத்திலோ லோ வோல்டேஜுக்கு வைத்தியமாக யாரோ மெயின் போர்டுக்குப் பின்னால் நியூட்ரலிலிருந்து ஒரு கம்பியை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தார்கள். அந்த வீட்டின் மொத்தக் கரண்டும் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. எல்.இ.டி. காட்டிக்கொடுக்கவில்லை. ஃபேன் மட்டும் சில நாளாக மெதுவாகச் சுற்றுகிறது என்று அண்ணி சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 வாட் ஓடினால் அந்தச் சாமான்களின் தடை சுமார் 106 ஓம். குழாய்க்கும் மண்ணுக்கும் 30 ஓம் இருந்தால் 230-இல் 51 வோல்ட் குழாய் மேல். இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து 1000 வாட் ஆனால் 83 வோல்ட். மீட்டர் காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான். அண்ணி இஸ்திரி போட்டால் தம்பி பிள்ளைக்கு ஷாக்.

அன்றே முறையாகச் சொல்லி கம்பத்தில் நியூட்ரலைச் சரிசெய்தார்கள். குழாயில் சுற்றியதை அறுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி எர்த் குழி, ஆளுக்கொரு ஆர்.சி.சி.பி. குழி தோண்டும்போது கடப்பாரையை ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்தார்கள். பேசிக்கொண்டார்களா என்று நான் கவனிக்கவில்லை.

இதிலேயே இன்னொரு வரலாறும் இருக்கிறது. பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கம்பியைக் கட்டி அதையே எர்த் என்று வைத்திருந்தார்கள். குழாய் மண்ணுக்குள் நீளமாகப் போனவரை ஓரளவு வேலை செய்தது. பிறகு இரும்பு துருப்பிடித்தது என்று பி.வி.சி. குழாய் மாற்றினோம். தண்ணீர் சுத்தமாக வந்தது, எர்த் போய்விட்டது. யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டுக் குழாய் எந்த வருஷம் மாற்றியது என்று யோசித்துப் பாருங்கள்.

நியூட்ரல் ஒரு வீட்டுக்குப் போனால் இந்தக் கதை. தெருவுக்கே போனால் வேறு கதை. அப்போது ஒரு பேஸில் இருக்கும் வீடும் இன்னொரு பேஸில் இருக்கும் வீடும் 400 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் 100 வாட்டும் இன்னொன்றில் 1000 வாட்டும் ஓடினால், 100 வாட் வீட்டுக்கு 364 வோல்ட் போகும், 1000 வாட் வீட்டுக்கு மிச்சம் 36. குறைவாகச் செலவு செய்த சிக்கனக்காரர் வீட்டு டி.வி.தான் முதலில் புகையும். லைட் திடீரென்று பளீரென்று எரிந்தால் வேடிக்கை பார்க்காமல் மெயினை இறக்குங்கள். விதிப்படி வீட்டுக்கு வர வேண்டியது 230-க்கு ஆறு சதவீதம் கூடுதல் குறைவு, அதாவது 216-இலிருந்து 244.

லோ வோல்டேஜ் பற்றி விவசாயிகள் நிறைந்த ஊரில் எழுதாமல் இருக்க முடியாது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது பல குடும்பத்தைக் காப்பாற்றியது. மூன்று பேஸ் குறிப்பிட்ட நேரம்தான், மற்ற நேரம் இரண்டு பேஸ் என்று வந்தபோது, கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கரும்பு காயும்போது யாரைக் குறை சொல்வது? ஆனால் அந்த இரண்டு பேஸிலும் இருக்கும் வீடுகளுக்கு வோல்ட் இறங்கும், ஏற்கெனவே துருப்பிடித்த முறுக்கு இன்னும் சூடாகும்.

கடைசியாக ஒன்று, மழைக்காலம் வருகிறது என்பதால். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும். அதன் முனை வீட்டுச் சுவரில் கட்டியிருக்கும். அந்தக் கம்பியிலோ, அதைக் கட்டிய கொக்கியிலோ துணிக்கொடி கட்டாதீர்கள். வயர் மேல்தோல் வெயிலில் வெடித்து இரும்பில் பட்டிருந்தால், ஈரத்துணியை உதறிப் போடும் கைதான் மூணாவது கம்பி. இரும்புக் கம்பிக் கொடியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள், நாற்பது ரூபாய்தான் ஆகும். ஆர்.சி.சி.பி. வைத்திருப்பவர்கள் அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். மற்ற வேலை எதையும் நீங்களே செய்ய வேண்டாம், உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

மலைக்குக் கரண்ட் ஏறிய கதையை, வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலரைப் பார்த்துப் பேசிய பிறகு தனியாக எழுதுகிறேன்.